வாசகர் கேள்வி, பல் வைத்தியர் பதில்: யாருடைய எலும்பு, எதற்காக?

போன இதழில், இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் இம்பிளாண்ட் பற்றி எழுதும்போது, “சிலருக்கு முதலில் எலும்பு வைக்க வேண்டியிருக்கும்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், திருகோணமலை நகருக்குள்ளேயே திருக்கடலூர் என்று நாலா பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. பற்பசை பற்றியும் பல் கூச்சம் பற்றியும் கேட்டவர்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். வழக்கம்போலப் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

*

“நான் ஓர் ஆசிரியை, 44 வயது. சில வருடங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். இப்போது இம்பிளாண்ட் வைக்கலாம் என்று போனால், எலும்பு மெலிந்துவிட்டது, முதலில் எலும்பு வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் எங்கும் விழவில்லை, தாடை உடையவும் இல்லை. பிறகு எலும்பு எங்கே போனது? காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்கிறார் என் கணவர்.” – நிலாவெளி

உங்கள் கணவர் சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை டீச்சர். சந்தேகப்படாமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஆனால் எலும்பு மெலிந்தது உண்மையாகத்தான் இருக்கும்.

தாடையின் விளிம்பில் பல் பதிந்திருக்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் முளைக்கும்போது கூடவே உருவாகிறது, பல் போனதும் தானும் கரையத் தொடங்குகிறது. நாம் மெல்லும் ஒவ்வொரு தடவையும் வேர் வழியாக ஓர் அழுத்தம் அந்த எலும்புக்குப் போகிறது. அது நின்றுவிட்டால், வேலையில்லாத எலும்பை வைத்துப் பராமரிக்க உடம்பு விரும்புவதில்லை. பிடுங்கிய பின் முதல் 12 மாதங்களில் அந்த இடத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களுக்குள்ளேயே போய்விடும். உயரமும் குறையும், ஆனால் அகலம் குறைகிற அளவுக்கு இல்லை. முதலில் கரைவது உதட்டுப் பக்கத்து, கன்னப் பக்கத்துச் சுவர்தான். மேல் முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இருக்காது. பல்லெல்லாம் போய் வருடக்கணக்கான முதியவர்களைப் பாருங்கள்: கன்னம் ஒட்டி, நாடி மூக்கை நோக்கி ஏறியிருக்கும். வயது மட்டும் செய்த வேலை என்று நினைக்கிறோம். பாதி வேலை இந்த எலும்பு செய்தது.

இம்பிளாண்ட் என்பது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள டைட்டேனியம் திருகு. அதற்கு எல்லாப் பக்கமும் எலும்பு வேண்டும். கீழ்த்தாடையில் இன்னொரு சிக்கல் உண்டு: உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு உங்கள் கடைவாய்ப் பல்லுக்குக் கீழேதான் ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் இடையே 2 மில்லிமீட்டராவது விடவேண்டும் என்பது வழக்கம். இடம் போதாமல் திருகினால் உதடு மரத்துப்போய் அப்படியே நின்றுவிடக்கூடும்.

இனி, வைக்கிற எலும்பு என்ன செய்கிறது? அங்கே வைக்கப்படும் தூளோ மணியோ தானே உங்கள் தாடையாகிவிடுவதில்லை. அது பாகற்கொடிக்குப் போடுகிற பந்தல். படர வேண்டியது உங்கள் சொந்த இரத்தக் குழாய்களும் எலும்புக் கலங்களும். அவை மெல்ல உள்ளே நுழைந்து புதிய எலும்பைக் கட்டும். அதற்கு 4 முதல் 6 மாதங்கள் வேண்டும், பெரிய இடமென்றால் இன்னும் கூட. இரண்டு வாரத்தில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் முப்பரிமாண ஸ்கேன் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது, எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. ஆகவே அதை மட்டும் பார்த்து “மெலிந்துவிட்டது” என்று முடிவு சொல்லியிருந்தால் ஸ்கேன் எடுக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். சிலருக்குக் குட்டையான அல்லது ஒடுங்கிய இம்பிளாண்ட் போட்டாலே போதும், எலும்பு தேவைப்படாது. பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்ட பிரிட்ஜ், கழற்றிப் போடும் பல் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் எலும்பு வைக்கும் வேலை இல்லை. ஒற்றைக் கடைவாய்ப் பல் இல்லாமலே நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்களும் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

*

“எங்கள் வாப்பாவுக்கு எலும்பு வைக்கப்போகிறார்கள். அது மாட்டினுடையதா, பன்றியினுடையதா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.” – கிண்ணியா

“நான் சைவ உணவு மட்டும் உண்பவள். வாயில் மாட்டெலும்பு வைப்பார்கள் என்று தங்கை சொல்கிறாள். உண்மையா?” – உப்புவெளி

இந்த இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கூச்சப்பட இதில் எதுவுமில்லை மகன். ஒல்லாந்தர் நம் கோட்டையில் குந்தியிருந்த அதே நூற்றாண்டில், 1668-இல், யோப் வான் மேக்கரன் என்ற ஒல்லாந்து அறுவை வைத்தியர் ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். ரஷ்யாவில் ஒருவருக்கு உடைந்த மண்டையோட்டில் நாயின் எலும்பை வைத்தார்களாம். காயம் ஆறிவிட்டது. ஆனால் நாயெலும்பு சுமப்பவனுக்கு இடமில்லை என்று தேவாலயம் ஒதுக்கிவைத்துவிட்டதாம். எலும்பு ஒட்டு, அதாவது எலும்பை எடுத்து வைக்கும் சிகிச்சை, பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது, அதிலேயே உங்கள் கேள்வி இருக்கிறது.

இன்று பல் வைத்தியத்தில் நான்கு இடங்களிலிருந்து எலும்பு வருகிறது. ஒன்று, நோயாளியின் சொந்த எலும்பு: நாடியிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின் மூலையிலிருந்தோ, பெரிய தேவையென்றால் இடுப்பிலிருந்தோ எடுப்பார்கள். உயிருள்ள கலங்களோடு வருவது இது மட்டும்தான். அதனால் வைத்தியர்கள் இன்றும் இதையே உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். எடுத்த இடத்திலும் வலி இருக்கும் என்பதுதான் குறை. இரண்டாவது, இறந்தபின் தானம் செய்தவர்களின் எலும்பு. பரிசோதித்து, பதப்படுத்தி, உலர்த்திப் பொதியிட்டு வரும். சுண்ணச் சத்தை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலும் அங்கே புது எலும்பு உருவாகிறது என்று 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க வைத்தியர் காட்டினார். அதன்பிறகு இந்த வகைக்கு மதிப்பு கூடியது. மூன்றாவது விலங்கு எலும்பு. பெரும்பாலும் மாடு, சில தயாரிப்புகள் பன்றி. ஆம் அம்மா, உங்கள் தங்கை சொன்னது சரி. மாட்டெலும்பில் உள்ள உயிர்ப் பொருட்களை வெப்பத்தாலும் இரசாயனத்தாலும் நீக்கிவிட்டு, கனிமக் கூட்டை மட்டும் மணிகளாக்கித் தருகிறார்கள். மிக மெதுவாகக் கரைவதால் வைத்தியர்களுக்கு அது பிடிக்கும். நான்காவது செயற்கையானது: ஹைட்ரொக்ஸி அபடைட், டிரைகால்சியம் பொஸ்பேட், உயிரியல் கண்ணாடி என்று பெயர்கள் வரும். இவற்றில் எந்த உயிரினமும் இல்லை.

நோயாளிகள் கேட்க மறப்பது ஒன்று உண்டு. எலும்பு மணிகளின் மேல் ஒரு மெல்லிய சவ்வை மூடித்தான் தையல் போடுவார்கள். முரசுச் சதை வேகமாக வளர்ந்து எலும்பின் இடத்தைப் பிடித்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. அந்தச் சவ்வு பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம், அதுவும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. எலும்பைச் செயற்கையாக வாங்கிவிட்டு, சவ்வு பன்றியினுடையது என்று பிறகு அறிந்து மனம் நொந்தவர்கள் உண்டு. கரையும் தையல் நூலில்கூட விலங்குக் குடலில் செய்த வகை இருக்கிறது. ஆகவே எலும்பு, சவ்வு, நூல் மூன்றையும் கேளுங்கள். விறைப்பூசி போட்டு வாய் மரத்த பிறகு கேட்டுப் பயனில்லை, பொருளுக்கு ஓடர் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். பொதியின் மேல் எதிலிருந்து செய்தது என்று அச்சிட்டிருக்கும். அதைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. பொதியோடு வரும் ஒட்டுச்சீட்டை நோயாளியின் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

மார்க்கத்தில் எது கூடும் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, வாப்பா தன் மௌலவியிடம் கேட்கட்டும். வைத்தியராக நான் சொல்லக்கூடியது இதுதான்: பிடுங்கிய குழி போன்ற சிறிய இடங்களுக்குச் செயற்கை எலும்பு தாராளமாகப் போதும். அகலமும் உயரமும் சேர்ந்தே பெரிதாகக் குறைந்த இடமென்றால் சொந்த எலும்பைக் கலப்பதே எனக்குப் பிடித்த வழி, அதில் எந்த மதத்துக்கும் சங்கடம் இல்லை. இந்த ஊரில் பல் வைத்தியம் பார்க்கிறவர் எவரும் இந்தக் கேள்வியை நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

*

“எனக்கு 61 வயது. கடல் தொழில். கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன. எலும்பு வைத்தால் பல் இறுகுமா? வெற்றிலை போடுவேன், பீடி உண்டு, சீனி வருத்தமும் இருக்கிறது.” – திருக்கடலூர்

அண்ணன், நீங்கள் கடைசி வரியில் எழுதியதுதான் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு எலும்பு கரைந்தது பல் போனதால் இல்லை. பல் இருக்கும்போதே முரசு நோயால் கரைகிறது. ஒரு வேரின் பக்கத்தில் ஆழமாக, ஒடுக்கமாகக் குழி விழுந்திருந்தால் அதை எலும்பால் நிரப்பிப் பலன் காணலாம். வரிசை முழுக்க ஒரே மட்டமாக எலும்பு இறங்கியிருந்தால் தூள் தங்க இடமில்லை, வைத்தாலும் நிற்காது. எதுவாக இருந்தாலும் முதலில் பல்லில் கட்டிபட்ட காறையை முரசுக்கு அடியில்வரை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அரச வைத்தியசாலைப் பற் பிரிவிலேயே கேட்கலாம். பீடியை விடாதவருக்கு நான் எலும்பு வைப்பதில்லை. புகை முரசின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ஒட்டு அழுகும், உங்கள் காசும் போகும். சீனிக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து அந்தத் துண்டோடு போங்கள்.

வாய் முன்போல அகலமாகத் திறக்கிறதா? உறைப்புச் சாப்பாடு எரிகிறதா? கன்னத்தின் உள்ளே வெள்ளையோ சிவப்போ படையாக இருக்கிறதா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் ஆடும் பல்லை மறந்துவிட்டு இந்த வாரமே காட்டுங்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்று முன்வரிசையில் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் அதற்கு வழிவிடுகின்றன.

*

“புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய் நீருக்கடியில் காட்டுவது என் தொழில். மேல் கடைவாயில் சைனஸைத் தூக்கி எலும்பு வைக்க வேண்டுமாம். எத்தனை நாளில் மறுபடி சுழியோடலாம்?” – நிலாவெளி

நல்லவேளை முன்கூட்டிக் கேட்டீர்கள் தம்பி. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே காற்று நிறைந்த அறை இருக்கிறது, அதுதான் சைனஸ். பல் போனபின் அந்த அறை கீழ்நோக்கி விரியும், எலும்பும் கரையும். இரண்டும் சேர்ந்து திருகு பதிய இடமில்லாமல் போகிறது. அறையின் தரையில் ஒட்டியிருக்கும் சவ்வை மெதுவாக உயர்த்தி அதன் அடியில் எலும்பு மணிகளை இடுவார்கள். 1970-களில் அமெரிக்காவில் தொடங்கி, 1980-இல் பொய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் வைத்திய இதழில் எழுதிய முறை இது. அந்தச் சவ்வு ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியதாகவே இருப்பதுண்டு. கிழிவதுதான் இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நேரும் சிக்கல்.

நீங்கள் ஆழத்துக்குப் போகும்போது காதடைக்கிறது அல்லவா, மூக்கைப் பொத்தி ஊதுவீர்கள் அல்லவா? அந்த அழுத்தம் முழுவதும் அந்தச் சவ்வில்தான் விழும். மணிகள் இடம்பெயரும், தையல் பிரியும். ஆகவே மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டே தும்ம வேண்டும், விமானப் பயணத்தையும் தள்ளிப்போட வேண்டும். சுழியோடுவதற்குச் சில வாரங்களாவது முழுத் தடை. அதன்பிறகும் அறுவை செய்தவர் பார்த்து, ஆறிவிட்டது என்று சொன்ன பிறகுதான். உங்கள் தொழில் இதுவென்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை.

என் யோசனை: வாடைக்காற்று தொடங்கி, கடல் குழம்பி, படகுகள் கரையேறும் மாரி காலத்தில் செய்துகொள்ளுங்கள். அப்போது எப்படியும் வேலை இருக்காது. எலும்பு இறுக 6 முதல் 9 மாதங்கள் ஆகலாம், இம்பிளாண்ட் அதற்குப் பிறகு.

*

“என் மகன் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தான். குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். இப்போது 8 வயது. இடுப்பெலும்பை எடுத்து முரசில் வைக்க வேண்டும் என்கிறார்கள். இனியும் வெட்டுவதா? இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்கிறார் மாமியார்.” – தம்பலகாமம்

தங்கச்சி, மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: வளரும்வரை காத்திருக்கக் கூடாத காரியம் இது.

மேலே எழுதிய எல்லாக் கடிதங்களிலும் எலும்பு வைப்பது விருப்பத்தைப் பொறுத்தது. உங்கள் மகன் விடயம் வேறு. உதட்டையும் அண்ணத்தையும் தைத்தாலும் இடையில் முரசெலும்பில் ஓர் இடைவெளி அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் வேட்டைப்பல் இறங்க வேண்டும். எலும்பில்லாத வெளியில் பல் இறங்காது, அல்லது கோணலாக இறங்கி விழும். அதனால்தான் வேட்டைப்பல் வெளிவருவதற்கு முன், பொதுவாக 8 வயதுக்கும் 11 வயதுக்கும் இடையில், அந்த இடைவெளியை எலும்பால் நிரப்புகிறார்கள். 1972-இல் பொய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் எழுதிய பிறகு இந்த வயதுக் கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. சைனஸ் பற்றிச் சொன்னேனே, அதே பொய்ன்தான். வைத்த எலும்புக்குள்ளாகவே பல் தன் வழியில் இறங்கி வரும். நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள். மூக்கின் சிறகுக்குத் தாங்கல் கிடைக்கும். குடித்த தண்ணீர் மூக்கில் வரும் சிறு துவாரம் இருந்தால் அதையும் சேர்த்தே அடைப்பார்கள்.

இடுப்பிலிருந்து எடுப்பது, அங்கே நல்ல பஞ்செலும்பு நிறைய இருப்பதால். இடுப்பு விளிம்பில் சிறு வெட்டு, முழு மயக்கத்தில்தான் செய்வார்கள். சில நாட்கள் நொண்டி நடப்பான். வாயைவிட இடுப்புத்தான் கூடுதலாக வலிக்கும் என்று இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள், பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். ஓட்டமும் விளையாட்டும் சில வாரங்களுக்கு இல்லை. அறுவைக்கு முன் மேல்தாடையை விரிக்கக் கம்பி போடச் சொன்னால் அதையும் தட்டிக்கழிக்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் செய்தால் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் துண்டு வாங்கிக்கொண்டு பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால், தூரம் என்று நினைக்காமல் போங்கள். பால்பல் சூத்தையெல்லாம் அதற்கு முன் அடைத்திருக்க வேண்டும். அழுக்கு வாயில் ஒட்டு பிடிக்காது.

*

“பல் பிடுங்கிய அன்றே குழியில் எலும்பு போட்டால் நல்லது என்று தனியார் கிளினிக்கில் பெரிய தொகை சொன்னார்கள். ஞானப்பல் பிடுங்கிய தம்பிக்கும் அதையே சொன்னார்கள். போடலாமா?” – திருகோணமலை நகர்

தம்பிக்கு ஏன்? ஞானப்பல் போன இடத்தில் யாரும் இம்பிளாண்ட் வைக்கப்போவதில்லை, அந்தக் குழி பெரும்பாலும் தானாகவே ஆறும். உங்களுக்கு, அதே இடத்தில் சில மாதங்களில் இம்பிளாண்ட் வைக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் போடலாம், முக்கியமாக முன்பல்லென்றால். எலும்பு கரைவதை அது முழுக்க நிறுத்தாது, குறைக்கும். இம்பிளாண்ட் எண்ணமே இல்லையென்றால் பணத்தை வீட்டில் வையுங்கள். தொகையை எலும்புக்கு இவ்வளவு, சவ்வுக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

*

“அம்மாவுக்கு 70 வயது. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒரு குளிசை குடிக்கிறார். பல் பிடுங்கி எலும்பு வைக்க முடியுமா?” – மூதூர்

குளிசையின் பெயர் அலென்ட்ரோனேட் என்று இருந்தால் பிடுங்குவதற்கு முன்பே பல் வைத்தியரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். அந்த மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், அரிதாகச் சிலருக்குத் தாடைக் காயம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும். குளிசையில் ஆபத்துக் குறைவு, புற்றுநோய்க்கு ஊசியாகப் போடுகிறவர்களுக்குத்தான் மிக அதிகம். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம், இடுப்பு முறிந்தால் அது பல்லைவிடப் பெரிய துன்பம். 70 வயதில் எலும்பு வைத்து இம்பிளாண்ட் என்று போவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். நன்றாகப் பொருந்தும் செட் பல் ஒன்று செய்துகொடுங்கள்.

*

“எலும்பு வைத்து ஐந்து நாள். வாயில் மணல் மணலாக வருகிறது. எல்லாம் கொட்டிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. வந்ததையெல்லாம் சிறு போத்தலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.” – சாம்பல்தீவு

முதல் சில நாட்கள் ஒன்றிரண்டு மணிகள் வருவது சகஜம். நிறைய வந்தாலோ, தையல் பிரிந்தாலோ, சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். வாயை வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம், உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து தானாக வழிய விடுங்கள். இளநீரை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்ச வேண்டாம், குவளையில் ஊற்றிக் குடியுங்கள். விரலாலும் நாக்காலும் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள், பாதி மணல் அதனால்தான் வருகிறது. போத்தலில் இருப்பதைத் திரும்ப வைக்க முடியாது, கொட்டிவிடுங்கள்.